முனியப்பன் காப்பும் காம்பஸ் முள்ளும்

ஹரிணி ஜியாலஜி படிக்கப் போகிறாள் என்று தெரிந்ததும் சொந்தக்காரர்கள் கேட்ட முதல் கேள்வி, "கல்லு ஒடைக்கிறதுக்கு டிகிரி வேறயா?" என்பதுதான். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. நாகரசம்பட்டியிலிருந்து உள்ளே போகிற அந்தச் சின்ன ஊரில் பாதிப் பேர் கல்லில் வேலை பார்த்தே முதுகைத் தொலைத்தவர்கள். ஹரிணியின் அப்பா ராஜசேகர் பல வருடம் குவாரியில் பாறைக்கு ஓட்டை போட்டுக்கொண்டிருந்துவிட்டு, இப்போது கிரானைட் பாலீஷ் போடும் இடத்தில் இருக்கிறார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து தலையைத் துவட்டினால் காதுக்குள்ளிருந்துகூட வெள்ளைத் தூள் கொட்டும். அந்த வீட்டில் கல்லைப் பற்றி யாருக்கும் நல்ல அபிப்பிராயம் கிடையாது.

ஹரிணிக்கு மட்டும் பள்ளிக்கூடத்தில் வேறு ஒன்று நடந்திருந்தது. அவள் ப்ளஸ் டூ படித்தபோது, பல்கலைக்கழகத்து ஜியாலஜி மாணவர்கள் ஒரு வேனில் பெட்டி பெட்டியாகக் கல்லை ஏற்றிக்கொண்டு வந்து அவளுடைய அரசுப் பள்ளியில் கண்காட்சி வைத்தார்கள். பேசிப் பேசித் தொண்டை கட்டிப்போயிருந்த ஓர் அக்கா, வரி வரியாக இருந்த ஒரு கல்லை எடுத்து ஹரிணியின் கையில் வைத்தாள். "இது எங்கிருந்தோ கொண்டு வந்ததில்ல. உங்க ஸ்கூல் காம்பவுண்டுக்கு வெளிய இருக்கே பெரிய பாறை, அதுல எடுத்தது. வயசு இருநூத்தி அம்பது கோடி வருசம் இருக்கும்," என்றாள். ஹரிணி பதறிப்போய் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். தினமும் அந்தப் பாறை மேல் உட்கார்ந்து புளியங்காய் தின்று கொட்டையைத் துப்பியவள் அவள். அன்றைக்கு வந்த மரியாதை அதற்கப்புறம் போகவே இல்லை.

அம்மா மாதேஸ்வரிதான் மசியவில்லை. அவள் போச்சம்பள்ளியில் செல்போன் சார்ஜர் செய்யும் ஒரு கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருந்தாள். விடியுமுன் கம்பெனி பஸ் ஏறினால் மத்தியானம்தான் இறங்குவாள். "பொம்பளப் புள்ள காடு மலைன்னு சுத்தற படிப்பு நமக்கு எதுக்குடி? நர்சிங் சேரு. நெழல்ல ஒக்காந்து வேல பாக்கலாம்," என்று மூச்சுக்கு மூச்சு சொல்லிப் பார்த்தாள். ஹரிணியும் லேசுப்பட்டவள் இல்லை. ஒரு வாரம் வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லாமல் பண்ணினாள். கடைசியில் மாதேஸ்வரி ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தாள். ஊர் எல்லை முனியப்பன் சந்நிதியில் காப்புப் போட்டுக்கொண்டுதான் ஹாஸ்டலுக்குப் போக வேண்டும்.

அந்தப் பக்கத்தில் இது புதிதல்ல. பயந்த பிள்ளைகளுக்கும், தூரதேசம் போகிறவர்களுக்கும் முனியப்பன் பேரைச் சொல்லி இரும்புக் காப்பு போடுவது வழக்கம். பூசாரி ஆஞ்சப்பன் செவ்வாயும் வெள்ளியும்தான் பூசாரி. மற்ற நேரத்தில் மாதேஸ்வரி வேலை பார்க்கும் அதே கம்பெனியின் வாசலில் நீலச் சட்டை போட்ட செக்யூரிட்டி. அவர் ஹரிணியின் இடது கையில் காப்பை மாட்டி, வாயை நெருக்கி அழுத்திவிட்டார். "அஞ்சு வருசப் படிப்பும் முடிச்சுட்டு, இதே எடத்துல வந்துதான் கழட்டணும். அதுக்கு நடுவுல இது கைய விட்டு எறங்கக் கூடாது. என்மேல சத்தியம் பண்ணு," என்றாள் மாதேஸ்வரி. படிக்க விட்டால் போதும் என்று இருந்த பெண்ணுக்கு அது ஒரு பெரிய விஷயமா? உடனே சத்தியம் பண்ணினாள்.

பல்கலைக்கழகத்தில் அவள் இறங்கிய வேகத்தைப் பார்த்தவர்கள் அசந்துபோனார்கள். அந்தத் துறையில் மாணவர்கள் சும்மா இருக்க நினைத்தாலும் விடமாட்டார்கள். வெள்ளிக்கிழமை தோறும் மாணவர் மன்றக் கூட்டம், யாராவது ஒருவர் எழுந்து ஏதாவது ஒரு கல்லைப் பற்றிப் பேச வேண்டும். அருங்காட்சியக அறையில் தூசி மண்டிய இழுப்பறைகளைச் சுத்தம் பண்ணிப் பெயர்ச் சீட்டு ஒட்ட வேண்டும். சீனியர்கள் மேற்படிப்பு நுழைவுத் தேர்வுக்கு வகுப்பு எடுப்பார்கள், அதற்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் பின்வரிசையில் உட்கார்ந்துகொள்ளலாம். வேனில் கல் ஏற்றிக்கொண்டு பள்ளிகளுக்குப் போவதும் உண்டு. அந்த வேனில் முதல் தடவை ஏறிய அன்று ஹரிணிக்கு அழுகையே வந்துவிட்டது. பேசிப் பேசித் தொண்டை கட்டிக்கொள்ளும் அக்காவாக இப்போது அவளே ஆகியிருந்தாள். இடது கைக் காப்பைப் பார்த்துப் பையன்கள், "என்ன ஸ்டைலா?" என்று முதல் மாதம் கேட்டார்கள். அப்புறம் யார் கண்ணுக்கும் அது தெரியவில்லை. அவள் கண்ணுக்கும்தான்.

இரண்டாம் வருடம் தை மாதத்தில் துறைத் தலைவி ஜோதிமணி மேடம் ஒரு செய்தி சொன்னார். இமயமலைப் பக்கம் இருக்கும் ஓர் ஆய்வு நிறுவனம், கோடை விடுமுறையில் தங்கள் குழுவோடு பனிமலைக்கு ஒரு மாணவரைக் கூட்டிப் போகத் தயாராக இருக்கிறது. இரண்டாம் வருடத்தில் ஒரே ஓர் இடம். இந்த வருட ஃபீல்டு கேம்ப்பில் யார் போடும் மேப் நன்றாக இருக்கிறதோ அவர்களுக்குத்தான். பனி என்றால் ஃப்ரிட்ஜுக்குள் படிவதைத் தவிர வேறு எதையும் பார்த்திராத ஹரிணிக்கு அன்று ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை. அந்த இடம் தனக்கு வேண்டும் என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை, சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

இதில் இன்னொரு அதிர்ஷ்டம், கேம்ப் இந்தத் தடவை நாகரசம்பட்டியில். தங்கல் கல்யாண மண்டபத்தில், அளக்க வேண்டியது ஹரிணி சின்ன வயசில் ஆடு மேய்க்கிற பிள்ளைகளோடு ஏறி இறங்கிய அதே கல்லுக் குன்று, ஊர்ப் பேச்சில் கரடு. "ஒனக்கென்னப்பா, சொந்த ஊரு," என்று எல்லோரும் பொருமினார்கள். ஹரிணி வெட்கப்படுகிற மாதிரி நடித்தாள். உள்ளுக்குள் அவளுக்குத் தலை கால் புரியவில்லை.

இரண்டிரண்டு பேராகப் பிரித்தார்கள். ஹரிணிக்கு ஜோடி சரிதா. கெலவரப்பள்ளி அணைப் பாசனத்தில் தக்காளியும் பூவும் போடும் குடும்பத்துப் பெண், தெலுங்கும் கன்னடமும் தமிழும் ஒரே வாக்கியத்தில் பேசுவாள், அதிகம் அலட்டிக்கொள்ள மாட்டாள். கரட்டுக்கு நடுவே ஓர் ஓடை. ஓடைக்கு வடக்கே சரிதா, தெற்கே ஹரிணி. அவரவர் பாதியை அவரவரேதான் அளக்க வேண்டும், மார்க்கும் தனித்தனி.

வேலை என்னவென்றால், அந்தப் பாறைகளில் கறுப்பும் வெள்ளையுமாக வரிகள் ஓடும். அந்த வரி எந்தத் திசையில் போகிறது, எந்தப் பக்கம் சாய்கிறது என்று திசை காட்டும் காம்பஸ் வைத்துப் பார்த்துத் தாளில் கோடு போட வேண்டும். இரும்பு பக்கத்தில் இருந்தால் காம்பஸ் முள் திரும்பிவிடும், அதனால் சுத்தியல், செல்போன், பெல்ட் எல்லாவற்றையும் தள்ளி வைத்துவிட்டுத்தான் அளக்க வேண்டும் என்பது முதல் வருடத்துப் பாடம். அதுவரை போன சுற்றுலாக்களில் காம்பஸ் சீனியர்கள் கையில்தான் இருந்தது. இப்போதுதான் முதல் தடவையாகத் தன் கைக்கு வந்திருந்தது. ஹரிணி இந்த விஷயத்தில் ரொம்பக் கறார். ஒவ்வொரு பாறையிலும் சுத்தியலையும் போனையும் தூரத்துப் புதரடியில் வைத்துவிட்டு வந்துதான் குனிவாள். சரிதா ஒரு தடவை மறந்து போனைப் பாக்கெட்டில் வைத்திருந்ததற்கு, "அறிவிருக்கா ஒனக்கு? முள்ளு பொய் சொல்லும்டி!" என்று கத்தினாள்.

மாந்தோப்புக்காரர் நாராயணப்பன் வேறு முதல் நாளே அவர்களை மடக்கிவிட்டார். கையில் மேப்பும் கருவியுமாக யாராவது வந்தாலே அந்தப் பக்கத்து நிலக்காரர்களுக்கு வயிறு கலங்கும். "எந்தக் கம்பெனிக்கு நெலம் எடுக்க அளக்கறீங்க? யாரு உங்கள அனுப்புனது?" என்று தடியோடு நின்றார். சரிதா தெலுங்கில் நாலு வார்த்தை பேசினாள். பாறைக்கு வயசு பார்க்க வந்த பிள்ளைகள் என்று தெரிந்ததும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எனக்குப் பொறந்த தேதியே தெரியாது, கல்லுக்குப் பாக்க வந்துட்டாங்க," என்று சொல்லிக்கொண்டே மாம்பூ உதிராமல் ஓரமாகப் போகச் சொன்னார்.

வியாழக்கிழமை சாயங்காலம் மண்டபத்து ஜமக்காளத்தில் உட்கார்ந்து இரண்டு பாதியையும் ஒட்டிப் பார்த்தார்கள். வடக்கிலிருந்து வந்த சரிதாவின் கோடுகளும் தெற்கிலிருந்து வந்த ஹரிணியின் கோடுகளும் ஓடைக்கரையில் சேரவே இல்லை. ஒன்றுக்கொன்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போயின.

"நம்ம ரெண்டு பேத்துல யாரோ தப்பா அளந்திருக்கோம்," என்றாள் சரிதா.

ஹரிணி தாளையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "தப்பு இல்லடி. இங்க ஃபால்ட் இருக்குது. ஓடையே அதுமேலதான் ஓடுது!" என்றாள். ஃபால்ட் என்றால், எப்போதோ ஒரு காலத்தில் பூமி முறிந்து இரண்டு பக்கமும் நகர்ந்துபோன கோடு. அந்தக் கரட்டில் அப்படி ஒன்று இருப்பதாகப் பழைய மேப் எதிலும் இல்லை. ஜோதிமணி மேடம் வந்து கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார். "இருக்கலாம். உறுதியாச்சுன்னா நல்ல விசயம்தான்," என்றார். அவர் வாயில் 'நல்ல விசயம்' என்று வருவது வருடத்துக்கு ஒரு தடவை. அன்றைக்கே பையன்கள் அதற்கு 'ஹரிணி ஃபால்ட்' என்று பேர் வைத்துவிட்டார்கள். இமயமலைக்கு என்ன சட்டை எடுத்துப்போவாய் என்றுகூட ஒருத்தி கேட்டுவிட்டாள்.

மறுநாள் மத்தியானம் எல்லோரும் சாப்பிட்டுக் கண்ணயர்ந்திருந்தார்கள். ஹரிணி மட்டும் உட்கார்ந்து கோடுகளுக்கு மை போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் காம்பஸ் திறந்து கிடந்தது. ரப்பரை எடுக்க இடது கையை நீட்டினாள். காம்பஸ் முள் மெல்லத் திரும்பியது. கையை எடுத்தாள், முள் பழைய இடத்துக்கு வந்தது. மறுபடி நீட்டினாள், மறுபடி திரும்பியது. மணிக்கட்டில் காப்பு தொங்கிக்கொண்டிருந்தது.

சுத்தியலைத் தூர வைத்தாள், போனைத் தூர வைத்தாள், ஊருக்கெல்லாம் உபதேசம் பண்ணினாள். ஒவ்வொரு பாறையிலும் காம்பஸைப் பிடித்த கையிலேயே இரும்பு இருந்திருக்கிறது! ஒன்றரை வருடமாகக் குளித்தாலும் படுத்தாலும் கூடவே இருந்தது அவளுக்கு உடம்பாகவே ஆகிப்போயிருந்தது. கையில் இருக்கும் மச்சத்தை யார் கழற்றி வைக்க நினைப்பார்கள்?

சரிதாவை எழுப்பி ஒன்றும் சொல்லாமல் ஓடைக்குக் கூட்டிப் போனாள். இடது கையை முதுகுக்குப் பின்னால் மடக்கிக்கொண்டு, சரிவில் விழாமல் சரிதா அவள் துப்பட்டாவைப் பிடித்துக்கொள்ள, தன் பக்கத்துப் பாறையில் ஒற்றைக் கையால் காம்பஸை வைத்தாள். வரி நேராகச் சரிதாவின் கோட்டோடு போய்ச் சேர்ந்தது. பூமி எங்கேயும் முறியவில்லை. ஹரிணி ஃபால்ட் ஹரிணியின் மணிக்கட்டில்தான் இருந்தது.

சரிதாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. ஹரிணியின் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டாள். "மேடம்கிட்ட சொல்லப் போறியா? சொல்லாட்டியும் யாரு வந்து பாக்கப் போறாங்க? ஃபால்ட்டுன்னா எனக்கும்தான் பேரு," என்றாள். அதில் சூது ஒன்றும் இல்லை, மனசில் பட்டதை அப்படியே சொல்லிவிட்டாள். ஹரிணிக்கும் அந்த ஆசை ஒரு நிமிடம் வரத்தான் செய்தது, வரவில்லை என்று சொன்னால் அது பொய். பனிமலை கண்ணுக்கு முன்னால் நின்றது. ஆனால் காலடியில் கிடந்த பாறையில் வரி தெளிவாகத் தெரிந்தது. தெரிந்தபின் அதன்மேல் இல்லாத முறிவை எப்படி வரைவது? அவளுக்குக் கை வராது என்று அவளுக்கே தெரிந்தது.

ஜோதிமணி மேடம் திட்டவில்லை. ஹரிணியின் கையைப் பிடித்துக் காம்பஸுக்குப் பக்கத்தில் கொண்டு போவதும் விலக்குவதுமாக ரொம்ப நேரம் சின்னப் பிள்ளைபோல் பார்த்துக்கொண்டிருந்தார். "எத்தன பேட்ச்ச கூட்டிட்டு வந்திருக்கேன். பெல்ட்ட பாத்தேன், வாட்ச்ச பாத்தேன். இது என் கண்ணுலயே படலயே," என்று தன்னையே நொந்துகொண்டார். அப்புறம் குரல் மாறியது. "ஞாயித்துக்கெழம சாயங்காலம் மேப் வைக்கணும், அதுல மாத்தம் இல்ல. அதுக்குள்ள உன் பாதிய மறுபடி அளந்துக்கோ. காப்ப கழட்டுன்னு நான் சொல்ல மாட்டேன், அது உன் வீட்டு விசயம். ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்கோ. ஒத்தக் கையால நாலு கல்ல அளக்கலாம். ஒரு மலைய அளக்க முடியாது."

சனிக்கிழமை காலையில் ஹரிணி ஒற்றைக் கையோடுதான் போனாள். அம்மாவுக்குக் கொடுத்த சத்தியம் அவளுக்கு விளையாட்டில்லை. அந்தச் சத்தியத்தின் மேல்தான் அவள் படிப்பே நின்றது. சரிவில் பிடிமானத்துக்கு இன்னொரு கை இல்லாமல் வழுக்கி முழங்காலைச் சிராய்த்துக்கொண்டாள். மட்டம் காட்டும் குமிழ் நடுவில் நிற்பதற்குள் காம்பஸ் நழுவியது. வெயில் ஏறியபோது விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் அளந்திருந்தாள். பாறை மேல் உட்கார்ந்து மேடம் சொன்னதை யோசித்தாள். இமயமலை கிடக்கட்டும், இன்னும் மூன்றரை வருடம் இந்தக் காப்போடு இந்தப் படிப்பையே படிக்க முடியாது. கழற்றினால் அம்மா இனி எங்கேயும் அனுப்ப மாட்டாள். கழற்றாவிட்டால் போய்ப் பிரயோஜனமில்லை. அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

மத்தியானம் கம்பெனி பஸ் நிற்கும் இடத்தில் போய் நின்றாள். மாதேஸ்வரி இறங்கியதும் மகளின் முழங்காலைத்தான் முதலில் பார்த்தாள். "அய்யோ, எங்கடி வுழுந்த?"

ஹரிணி புளியமரத்தடியிலேயே நிறுத்தி எல்லாவற்றையும் கொட்டினாள். காம்பஸைத் தரையில் வைத்துக் கையைக் கிட்டே கொண்டு போய்க் காட்டினாள். முள் திரும்பியதைப் பார்த்து மாதேஸ்வரி, "ஆத்தி!" என்று ஓரடி பின்னால் போனாள்.

"நான் கழட்டலம்மா. உன்ன கேக்காம கழட்ட மாட்டேன். ஆனா இது இருந்தா நான் அளக்கறது எல்லாமே பொய்யாயிடுது. நான் என்ன பண்ணட்டும், நீயே சொல்லு," என்றாள் ஹரிணி.

மாதேஸ்வரியின் முகம் இறுகிப்போயிற்று. பிறகு போனை எடுத்துப் பூசாரிக்கு அடித்தாள். ஆஞ்சப்பன் அப்போது கம்பெனி வாசலில் ட்யூட்டியில் இருந்தார். மாதேஸ்வரி ஸ்பீக்கரில் போட்டாள், பின்னால் மெட்டல் டிடெக்டர் கீ கீ என்று கத்துவது கேட்டது.

"அண்ணா, ஹரிணி கைக் காப்ப நடுவுல கழட்டுனா சாமி குத்தம் ஆயிடுமா?"

"இரும்மா, ஒரு நிமிசம்... ஏ பையா, இடுப்புல என்ன? அரணாக்கொடியா? கழட்டி வெச்சுட்டு வா... ஆங், சொல்லும்மா. காப்பா? கழட்டக் கூடாதுன்னு நான் எங்க சொன்னேன்? மூணு அமாவாசை போட்டுக்கினு கழட்டிடலாம்னுதான் சொன்னேன். அஞ்சு வருசம்னு நீதான சாமிகிட்ட பேசுன?"

மாதேஸ்வரி போனை அணைத்தாள். மகளைப் பார்க்காமல் ரோட்டில் போகும் கல் லாரியைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "அவரு சொல்றது நெசந்தான். மூணு அமாவாசைன்னுதான் சொன்னாரு. எனக்குத்தான் பயம். புள்ளய ஊர் ஊரா அனுப்பறாளேன்னு நாலு பேரு கேட்டா, முனியப்பன் பாத்துக்குவாருன்னு சொல்ல எனக்கு ஒண்ணு வேணும்ல. ஒன் கையில அது கெடந்தா எனக்குத் தூக்கம் வந்துச்சு, அவ்வளவுதான்."

ஹரிணிக்கு அந்த நேரத்தில் அம்மா மேல் கோபம்தான் வந்திருக்க வேண்டும். வரவில்லை, அவள் கையைப் பிடித்துக்கொள்ளத்தான் தோன்றியது.

"தெனம் அந்த வாசல்ல நான் வளையலு, மெட்டி, தாலிக்கயித்து ஊக்கு வரைக்கும் கழட்டி டப்பாவுல போட்டுட்டுத்தான் உள்ள போறேன்," என்றாள் மாதேஸ்வரி. "வேலைக்கு ஆவாதுன்னா கழட்டித்தான் ஆவணும். இது எனக்குத் தெரியாதா? ஒங்கிட்ட மட்டும் ஏன் அப்பிடி நின்னேனோ. வா."

வீட்டுக்குப் போய் ராஜசேகரின் சாமான் பையிலிருந்து கட்டிங் பிளேயரை எடுத்துக்கொண்டாள். முனியப்பன் சந்நிதியில் கற்பூரம் ஏற்றி, "நான் குடுத்த வாக்கு, நானே மாத்திக்கறேன். கோவம்னா எங்கிட்ட காட்டு, புள்ளகிட்ட காட்டாத," என்று சத்தமாகவே சொன்னாள். காப்பின் வாயைப் பிளேயரால் பிடித்து மூச்சைப் பிடித்து விரித்தாள். கழன்று வந்ததை முனியப்பன் வேலில் மாட்டினாள். ஹரிணியின் மணிக்கட்டில் வெளுத்துப்போன ஒரு வளையம் இருந்தது, அங்கே காற்றுப் பட்டதும் அவளுக்குக் கூசியது.

அன்று இருட்டும் வரை அளந்தாள். ஞாயிற்றுக்கிழமை வெளிச்சம் வந்ததும் மறுபடி கரட்டில் இருந்தாள். கம்பெனி லீவானதால் மாதேஸ்வரியும் தூக்குப் பாத்திரத்தில் சோறு கட்டிக்கொண்டு பின்னாலேயே வந்துவிட்டாள். மகள் படிப்பு என்று என்னதான் பண்ணுகிறாள் என்று அவள் பார்ப்பது இதுதான் முதல் தடவை. "அம்மா, கிட்ட வராத! தூக்க அங்கயே வெய்யி! கழுத்துல ஊக்கு இருக்குதா?" என்று ஹரிணி கத்தினாள். மாதேஸ்வரி பழக்க தோஷத்தில் கம்பெனி வாசலில் நிற்கிற மாதிரி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு தூரத்தில் நின்றாள். சரிதா விழுந்து விழுந்து சிரித்தாள், மாதேஸ்வரிக்கும் வெட்கமாகப் போய்விட்டது.

சாயங்காலம் மேப்புகளைச் சுவரில் ஒட்டினார்கள். ஹரிணியின் மேப்பில் ஃபால்ட் இல்லை. கோடுகள் ஓடையைத் தாண்டிச் சாதாரணமாகப் போய் எதிர்ப் பக்கத்துக் கோடுகளோடு சேர்ந்தன. பார்க்கிறவர்களுக்கு அதில் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. ஹரிணி எழுந்து, முதலில் போட்டது ஏன் தப்பாயிற்று என்று எல்லோர் முன்னாலும் சொன்னாள். காப்பு என்றதும் சிரிப்பு கிளம்பியது. அவள் காம்பஸை எடுத்துக் காட்டி, "கையில சாமிக் கயிறு இருந்தா பரவால்ல, இரும்பு இருந்தா எல்லாரும் ஒரு தடவ பாத்துக்கோங்க," என்றதும் சிரித்தவர்களில் மூன்று நான்கு பேர் தங்கள் கையைப் பார்த்துக்கொண்டார்கள்.

இடம் சரிதாவுக்குப் போயிற்று. "உன் மேப் இப்ப சரியா இருக்கு ஹரிணி. சரிதாவோடது மொத தடவையே சரியா இருந்துச்சு," என்றார் ஜோதிமணி மேடம். நியாயம்தான். நியாயம் என்று தெரிந்தால் வலிக்காமல் இருந்துவிடுமா? சரிதாவைக் கட்டிக்கொண்டு, "போய்ட்டு வாடி, போட்டோ நெறைய எடு," என்று சொல்லிவிட்டு, மண்டபத்தில் கைகழுவும் இடத்துக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். ஒரே வாரத்தில் ஒரு மலை கைக்கு வந்து கையை விட்டுப் போயிருந்தது.

மாதேஸ்வரி மண்டபத்து வாசலில் காத்திருந்தாள். மகளின் கண்ணைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டாள்.

"அந்தப் புள்ளைக்கா?"

"ம்."

ஹரிணி தயங்கினாள். அம்மா என்ன நினைக்கிறாள் என்று அவளுக்குப் பயமாக இருந்தது. "காப்ப கழட்டுனதாலன்னு நெனைக்கிறியாம்மா? சாமி கோவம்னு?"

"சாமிக்கு வேற வேல இல்லயா?" என்றாள் மாதேஸ்வரி. "அந்தப் புள்ள மொதல்லயே ஒழுங்கா அளந்துச்சு, அதுக்குக் கெடச்சுது. நீ ரெண்டாவதா அளந்த." முந்தானையால் மகளின் முகத்தை அழுத்தித் துடைத்தாள். முந்தானையை உதறிச் செருகிக்கொண்டே கேட்டாள். "அடுத்த வருசமும் இந்த மாதிரி எங்கியாவது கூட்டிக்கினு போவாங்களா?"

ஹரிணி நிமிர்ந்து பார்த்தாள். அம்மா வாயிலிருந்து இந்தக் கேள்வியை அவள் எதிர்பார்க்கவே இல்லை. "மூணாவது வருசத்துப் பசங்கள கடலுக்குக் கூட்டிட்டுப் போவாங்களாம். ஆராய்ச்சிக் கப்பல்ல. கடலுக்கு அடியில இருக்கிற மண்ண எடுத்துப் பாப்பாங்க."

"கப்பல்லயா!" மாதேஸ்வரியின் கை நெஞ்சுக்குப் போனது. நர்சிங் சேரு என்று இந்த நிமிடம் மறுபடி ஆரம்பிக்கப் போகிறாள் என்றே ஹரிணி நினைத்தாள். மாதேஸ்வரியோ நெற்றியைச் சுருக்கிக்கொண்டு எதையோ யோசித்தாள்.

"கப்பலு பூராவும் இரும்புதான?" என்றாள். "அங்க முள்ள எப்பிடிடி நம்புவீங்க?"

"மேடம்கிட்ட கேட்டுச் சொல்றேம்மா," என்றாள் ஹரிணி.

"கேட்டுட்டு சொல்லு. மறந்துடாத," என்றாள் மாதேஸ்வரி.